எட்டுக் கட்டம் மூச்சு

வியாழக்கிழமை ஒத்திகை முடிந்ததும் ஒரொன்ஸோ தன் பொம்பர்தீனோ என்ற பெரிய ஊது வாத்தியத்தைக் கவிழ்த்து, அந்தப் பித்தளைக் குழல்களுக்குள் தேங்கியிருந்த எச்சில் நீரை என் ஷூவின் மேல் சொட்ட விட்டான். பாண்டில் சேர்ந்த நாளிலிருந்து முப்பத்தோரு வருடமாக வாராவாரம் அவன் செய்கிற காரியம் அது. நானும் வாராவாரம் போலவே காலைப் பின்னுக்கு இழுத்து, "மாடு, மாடு" என்றேன்.

"மாட்ட வெட்டுறவன் நான், மச்சான். மாடு இல்ல" என்றான். வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, "நாளைக்கு மத்தியானம் சாப்பிட வந்துடு. உன் தங்கச்சி அவரைப் பருப்பும் காட்டுக்கீரையும் செய்யறா. ரொட்டி நான் வாங்கிக்கறேன். நீ வாங்கிட்டு வந்துடாத. நீ வாங்குற ரொட்டிய வச்சு சுவர் கட்டலாம்" என்றான்.

மறுநாள் காலை ரொட்டிக் கடை வரிசையில், முன்னால் நாலு பேர் நிற்கும்போது, அப்படியே சாய்ந்துவிட்டான். இதயம். தரையைத் தொடும் முன்பே உயிர் போயிருக்கும் என்றார் ஊர் டாக்டர். வயது அறுபத்தொன்று.

அவனுடைய இறுதி ஊர்வலத்தில் பாண்டை நடத்திக்கொண்டு நான் முன்னால் போனேன். சனங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்துகொண்டே இருந்தது. "ஈரல்ல இருந்துச்சே, அந்தப் பழைய வியாதி. திரும்பி வந்துடுச்சு." "பதிமூணு வருஷம் தள்ளிப் போட்டாங்க, அவ்வளவுதான்." கையில் தாளக்கோலை வைத்துக்கொண்டு நான் எப்படித் திரும்பிக் கத்துவது? அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் இந்த ஊர் பாண்டின் மாஸ்டர். ஓய்வு பெறும்வரை நடுநிலைப் பள்ளியில் மொழியாசிரியராக இருந்தேன். பெயர் கத்தால்தோ. ஒரொன்ஸோ என் தங்கை நுன்சியாவின் கணவன். அந்த வியாதி எப்படிப் போனது என்பதை அறைக்குள் நின்று பார்த்தவன் நான்.

தொண்ணூற்றிரண்டாம் வருடம். ஒரொன்ஸோவுக்கு நாற்பத்தெட்டு வயது. சின்ன வயதில் எங்கள் தெருவுக்கே ஒரே கண்ணாடி ஊசியால் மருந்து போட்ட அம்மாள் ஒருத்தி இருந்தாள். அவள் கைங்கரியத்தில் எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஈரலில் கோளாறு. இவனுக்கு ஈரல் இறுகிப் போயிருந்தது. திராட்சை மதுவை நிறுத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது. பாரி நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்றில் ஸ்கேன் பார்ப்பார்கள். அந்த ஏப்ரலில் பார்த்தபோது ஈரலின் உச்சியில், நுரையீரலுக்கு நேர் கீழே, ஒரு முடிச்சு தெரிந்தது. இருபத்திரண்டு மில்லிமீட்டர்.

"கன்னுக்குட்டி ஈரல்ல இந்த மாதிரி ஒண்ணு இருந்தா அந்த மூலைய நறுக்கித் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்த விப்பேன்" என்றான் ஒரொன்ஸோ. "அதையே செய்யுங்க."

அதைச் செய்ய முடியாது என்றார் அறுவை மருத்துவர். இவ்வளவு இறுகிய ஈரலில் கத்தி வைத்தால் மீதி ஈரல் தாங்காது. வேறு ஒரே வழிதான் இருந்தது. ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லிய நீள ஊசியை விலாவுக்குக் கீழே செலுத்தி, முடிச்சின் நடுவில் சுத்தமான ஆல்கஹாலை விட வேண்டும். ஆல்கஹால் பட்ட கட்டி செத்துப் போகும். கீறல் இல்லை, தையல் இல்லை. கட்டி மூன்று சென்டிமீட்டரைத் தாண்டுவதற்குள் செய்தால்தான் நிச்சயம். இப்போது இரண்டு சொச்சம்.

"ஆனா இடம் மோசம்" என்றார் தலைமை மருத்துவர். "உச்சியில இருக்கு. நுரையீரல் மறைக்குது. மறைக்கிற இடத்துல ஊசி போட முடியாது."

நுன்சியா அப்போது அழவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் அழுதாள். ஒரொன்ஸோ முன் சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் ஆலிவ் மரங்களை எண்ணுகிறவன் போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஸ்கேன் அறை டாக்டர் ஸ்கராஞ்செல்லா. முப்பது வயதுகூட நிரம்பாத பெண். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க மரப்பலகை போட்டுக்கொள்கிற அளவுக்குக் குள்ளம். மிலான் பக்கம் போய் இந்த ஊசி வேலையைக் கற்று வந்திருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை வரச் சொல்லுங்க. சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க ஊசி போடணும் எப்படியும். அதுக்கு வழி கிடைச்சா இதுக்கும் கிடைச்ச மாதிரிதான். ஒரே ஒரு தடவ முயற்சி பண்ணிப் பார்க்கிறேன். பெரிய டாக்டர் அதுக்கு மட்டும்தான் ஒத்துக்கிட்டார்."

செவ்வாய்க்கிழமை நுன்சியா வாசலோடு நின்றுவிட்டாள். "அண்ணே, நீ உள்ள போ. அவர ஊசியால குத்துறதப் பார்த்தா நான் அந்தப் பொண்ணக் குத்திடுவேன்."

நான் உள்ளே போய் ஸ்கேன் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். ரொக்கீனா என்ற நர்ஸ், "குடும்பம் வெளிய" என்றாள். நான் கேளாதவன் மாதிரி இருந்தேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். இரண்டாவது தடவை சொல்லும்வரை யாரும் வெளியே போவதில்லை.

ஒரொன்ஸோ மல்லாந்து படுத்திருந்தான். டாக்டரம்மா பலகையில் ஏறி நின்று, விலாவுக்குக் கீழே ஜெல் தடவி, ஸ்கேன் கருவியை மேல்நோக்கி அழுத்தினாள். திரையில் சாம்பல் நிறம். அதில் புள்ளிப் புள்ளியாக ஒரு சாய்ந்த கோடு. ஊசி அந்தக் கோட்டில்தான் போகும், முடிச்சு அந்தக் கோட்டில் வந்து உட்கார வேண்டும் என்று ரொக்கீனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மூச்ச இழுத்துப் பிடிங்க, ஐயா."

இழுத்தான். திரையில் கீழே வந்த சாம்பல் நிற ஈரல் சட்டென்று மேலே ஓடி மறைந்தது.

"விடுங்க. மறுபடியும்."

மறுபடியும் அதேதான். நாலு தடவை, அஞ்சு தடவை. டாக்டரம்மாவின் உதடுகள் இறுகின. "எலி மாதிரி ஓடி ஒளியுது" என்றாள். குரலில் நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது எனக்கே தெரிந்தது.

நான் திரையைப் பார்க்கவில்லை. அவன் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்பைத் தூக்கி, தோளைக் காதுவரை கொண்டுபோய், வயிற்றை முதுகெலும்போடு ஒட்ட உள்ளே இழுத்து மூச்சு எடுத்துக்கொண்டிருந்தான் படுபாவி! எக்ஸ்ரே எடுக்கும்போது சொல்லிக்கொடுத்த பழக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்குத்தான் தெரியும். வெள்ளைக் கோட்டுப் போட்ட இளம்பெண் பக்கத்தில் நிற்கிறாள், இவனுக்குத் தொந்தியைக் காட்டக் கூச்சம். பதினெட்டு வருடமாக அந்த மூச்சை நான் ஒத்திகை அறையில் திட்டித் திட்டி ஒழித்திருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

"தோள இறக்குடா!" என்று கத்தினேன். "வயித்துல எடு! கச்சேரியில எடுக்கிற மூச்சா இது? யாருக்குடா அழகு காட்டுற?"

ரொக்கீனா தட்டைக் கீழே போட்டாள். "யாரு இந்த ஆளு? வெளிய போங்க சார்!"

ஆனால் பதினெட்டு வருடப் பழக்கம். என் குரல் கேட்டதும் ஒரொன்ஸோவின் தோள் இறங்கிவிட்டது. வயிறு எழும்பியது. விலா இரண்டு பக்கமும் விரிந்தது. பொம்பர்தீனோவைத் தூக்குவதற்கு முன்னால் எடுக்கும் மூச்சு, பக்கத்து வீட்டுக்கே கேட்கிற மூச்சு, உள்ளே போனது.

"நில்லுங்க!" என்றாள் டாக்டரம்மா. "யாரும் அசையாதீங்க. ரொக்கீனா, அவர விடு."

திரையில் ஈரல் இறங்கி வந்தது. கடையில் ஷட்டரை இறக்குகிற மாதிரி, நிதானமாக, முழுசாக. அதன் உச்சியில், இதுவரை யாருக்கும் முழுதாக முகம் காட்டாத அந்த முடிச்சு, கறுத்த ஆலிவ் பழம் போல உருண்டையாகத் தெரிந்தது.

"ஐயோ, வந்துட்டான்!" என்றாள் டாக்டரம்மா. டாக்டர் பேசுகிற பேச்சே இல்லை அது. "விடுங்க ஐயா, மூச்ச விடுங்க. முகம் சிவந்துடுச்சு. இப்ப அதே மூச்ச இன்னொரு தடவ எடுங்க."

எடுத்தான். முடிச்சு கோட்டைத் தாண்டிக் கீழே போய்விட்டது.

"இது அதிகம்."

எடுத்தான். கோட்டுக்கு மேலேயே நின்றது.

"இது கம்மி. எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு வேணும். ஒரு முடி அளவு மாறினாலும் ஊசி வேற எங்கேயோ போயிடும்."

"நான் என்ன எடைத் தட்டாம்மா?" என்றான் ஒரொன்ஸோ. "கறின்னா கண்ண மூடிக்கிட்டு கால் கிலோ வெட்டித் தருவேன். மூச்ச எப்படி வெட்டுறது?"

அவன் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர்ப் புனிதர் சான் பந்தலேயோனேயின் திருவிழா ஊர்வலத்துக்கு நான் எழுதிய நடையிசை ஒன்று உண்டு. மெதுவான நடை. அதில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் அடங்கிப்போய், பொம்பர்தீனோ மட்டும் பாடுகிற வரி ஒன்று வரும். தாளில் கோடு போட்டுப் பிரித்த பதினொரு கட்டங்கள். ஒரே மூச்சில் ஊத வேண்டும் என்று எழுதினேன். ஒவ்வொரு வருடமும் இவன் ஆறாவது கட்டத்தின் முடிவில் மூச்சு எடுத்துவிடுவான். ஒவ்வொரு வருடமும் சண்டை. "எழுதினவனே ஊதிக் காட்டு" என்பான். அந்தச் சண்டைக்காக அவனுக்கு எல்லா அளவிலும் பயிற்சி கொடுத்திருந்தேன். ஆறு கட்டத்துக்கு எவ்வளவு மூச்சு, ஏழுக்கு எவ்வளவு, எட்டுக்கு எவ்வளவு என்று. என் கை ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் போதும், அந்த அளவு மூச்சு தானாக உள்ளே போகும்.

"மாப்ள" என்றேன், "ஊர்வல நடை. ஆறு கட்டம்."

அவன் என்னைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அவனுக்கும் புரிந்துவிட்டது. இரண்டு கட்டம் வாய்க்குள் பாடி, கையை உயர்த்தினேன். மூச்சு எடுத்தான்.

"கோட்டுக்கு ரெண்டு விரல் மேல" என்றாள் டாக்டரம்மா. அவளும் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை.

"எட்டுக் கட்டம்."

கை உயர்ந்தது. ஈரல் இறங்கியது. கறுத்த ஆலிவ் வந்து புள்ளிக் கோட்டின் மேல், நடு மையத்தில், உட்கார்ந்தது.

"மறுபடியும்!"

எட்டுக் கட்டம். அதே இடம்.

"மறுபடியும்!"

அதே இடம். ஆறு தடவை பார்த்தாள். ஆறாவது தடவை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை அடக்கி, ஊசியை வாங்கி, "எட்டுக் கட்டம், மாஸ்டர்" என்றாள். நான் கையை உயர்த்தினேன். பளிச்சென்று ஒரு வெள்ளைக் கீற்று கோட்டின் வழியே திரையில் இறங்கி, ஆலிவுக்குள் நுழைந்தது. "டக்" என்று ஒரு சத்தம். நூல் போன்ற ஒரு சதைத் துணுக்கு வெளியே வந்தது. அவ்வளவுதான். ஒட்டுத்துணி ஒன்றை ஒட்டிவிட்டு, மூன்று மணி நேரம் படுக்க வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

நான் வெளியே ஓடி வந்து நுன்சியாவைக் கட்டிப் பிடித்தேன். "என்னண்ணே, புத்துநோய் இல்லையா?" என்றாள்.

"அது வெள்ளிக்கிழமைதான் தெரியும். ஆனா எட்டிடுச்சு! ஊசி எட்டிடுச்சு!"

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. புற்றுநோய்தான். விசித்திரம் என்னவென்றால் அன்றைக்கு எங்கள் மூவருக்கும் பயத்தைவிட அவசரம்தான் அதிகமாக இருந்தது. எதிரி இருக்கிறான், வீடு தெரியும், கதவும் திறந்துவிட்டது. தலைமை மருத்துவர் தானே வந்து எட்டுக் கட்டத்தைப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மே மாதம் தொடங்கி வாரம் இரண்டு தடவை, செவ்வாயும் வெள்ளியும். முதல் நாள் ரொக்கீனா சின்னக் குப்பியைத் திறந்தபோது ஒரொன்ஸோ வாசனை பிடித்துவிட்டான்.

"டாக்டரம்மா, மூணு வருஷமா ஒரு சொட்டு குடிக்க விடல நீங்க. இப்ப சுத்த சாராயத்த நேரா ஈரலுக்கே விடுறீங்க. வாய் வழியா விட்டா என்ன கொறஞ்சு போச்சு? போற வழியில நானும் கொஞ்சம் ருசி பார்ப்பேனே."

"இது உங்களுக்கு இல்ல ஐயா. அதுக்கு" என்றாள். "அது குடிச்சுச் சாகட்டும்."

எட்டுக் கட்டம். ஊசி போனது. மெதுவாக மருந்தை அழுத்தினாள். கறுத்த ஆலிவுக்குள் வெண்புகை கிளம்பிச் சுருண்டது. நான் வாயைப் பிளந்து நின்றேன். மனிதனுக்குள் இருக்கும் எமனை மனிதன் நின்று பார்த்துக்கொண்டே கொல்வது! ஒரொன்ஸோ பல்லைக் கடித்தான். எரிச்சல் வலது தோளில் தெரிகிறது என்றான். ஊசி ஈரலில், வலி தோளில். ஊசியின் வெளிமுனை அவன் விலாவுக்குக் கீழே நட்டுவைத்த குச்சி போல நின்று, மூச்சுக்குத் தகுந்தபடி மேலும் கீழும் ஆடியது. வலியின் நடுவே அதைப் பார்த்துவிட்டான்.

"மச்சான், பாரு. உன்ன விட நல்லா தாளம் போடுது."

"பேசாதீங்க!" என்றாள் டாக்டரம்மா. ஆனால் அவள் தோளும் குலுங்கியது.

வீடு திரும்பும்போது கார் முழுக்க ஆல்கஹால் வாசனை. அவன் மூச்சில் வந்த வாசனை. "வெக்கமா இருக்கு" என்றாள் நுன்சியா. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் குடிகாரனக் கூட்டிட்டு வர்றேன்."

நாலாவது தடவை நான் போகவில்லை. பள்ளியில் தேர்வு. ஏழு தாள் திருத்தி முடித்திருப்பேன், தலைமையாசிரியர் தானே ஓடி வந்தார். "கத்தால்தோ, ஆஸ்பத்திரியிலிருந்து போன். சீக்கிரம்!" தாள்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். போனை எடுத்தால் ரொக்கீனா.

"மாஸ்டர், உங்க மாப்ள ஒத்துழைக்க மாட்டேங்கிறார். நான் உங்கள மாதிரியே கைய உயர்த்திக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் வேற வேற மூச்சு வருது."

பின்னால் ஒரொன்ஸோவின் குரல் கேட்டது. "அவ கைய உயர்த்தினா பஸ்ஸ நிறுத்துற மாதிரி இருக்கு மச்சான்! எனக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல!"

சுவரிலிருந்த போனின் சுருள் கம்பியை முடிந்தவரை இழுத்து, ரிசீவரை அவன் காதில் வைத்தார்கள். நான் தலைமையாசிரியர் அறையில் எழுந்து நின்றேன். எங்கள் நடையிசையின் அந்தத் தனி வரிக்கு முந்தின இரண்டு கட்டத்தை, டிரம்பெட், கிளாரினெட், பெரிய டிரம் எல்லாம் சேர்த்து, வாயாலேயே முழுச் சத்தமாகப் பாடினேன். "எட்டு!" என்று கத்தி வலது கையை உயர்த்தினேன். அவனால் அதைப் பார்க்க முடியாது. ஆனால் கை ஏறாமல் எனக்கு அது வராது. தலைமையாசிரியர் மேசையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். மறுமுனையில் அமைதி. பத்து வினாடி. இருபது. பிறகு டாக்டரம்மாவின் குரல், தூரத்திலிருந்து.

"உள்ள போயிடுச்சு! மாஸ்டர்கிட்ட சொல்லு, நடு மையம்!"

"நடு மையம்" என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் எதுவும் புரியாமல் கைகுலுக்கினார்.

ஆறாவது தடவைக்கெல்லாம் ஆலிவ் முழுதும் வெளுத்துவிட்டது. ஒரு ஓரம் தவிர. உச்சியில், மேல் விளிம்பில், பிறை மாதிரி ஒரு கறுப்பு.

"அங்க மருந்து போகல" என்றாள் டாக்டரம்மா. "அத விட்டா அதிலிருந்து திரும்ப முளைக்கும். ஆனா அந்த விளிம்புக்கு மேல ஒரு விரல் அகலம்தான். அப்புறம் நுரையீரல். ஈரல் இன்னும் இறங்கணும். ஊசி போய் நிக்கிற வரைக்கும் அப்படியே இருக்கணும். இருமல் வந்தா, மூச்சு நழுவினா, ஊசி நுரையீரலக் கிழிச்சிடும்." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாஸ்டர், எட்டுக்கு மேல எவ்வளவு இருக்கு?"

நான் ஒரொன்ஸோவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். பதினெட்டு வருடச் சண்டை முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது.

"பதினொண்ணு" என்றேன். "ஆனா இவன் ஒரு தடவகூட எடுத்ததில்ல."

"எடுக்க முடியாததால இல்ல" என்றான் ஒரொன்ஸோ. "நீ கேட்டதால எடுக்கல."

"இப்ப யாரு கேக்கிறது?"

"டாக்டரம்மா கேக்கிறாங்க. அது வேற."

கதவுக்கு வெளியே நுன்சியா ஜெபமாலை உருட்டும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா பலகையின் மேல் காலைச் சரியாக ஊன்றிக்கொண்டாள். நான் இரண்டு கட்டம் பாடினேன். கையை உயர்த்தினேன், அவசரப்படாமல், பதினொரு கட்டத்துக்கு உயர்த்துகிற மாதிரி, மேலே மேலே. அவன் மூச்சு எடுத்தான். எடுத்துக்கொண்டே இருந்தான். வயிறு எழுந்தது, இடுப்பு விரிந்தது, முதுகு கட்டிலை அழுத்தியது. நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் தாண்டி இன்னும் உள்ளே போனது. திரையில் ஈரல் இறங்கியது. எட்டைத் தாண்டி இறங்கியது. வெளுத்த ஆலிவ் கீழே போக, அதன் தலையில் இருந்த கறுத்த பிறை வந்து கோட்டைத் தொட்டது.

ஊசி இறங்கியது. என் கை இன்னும் மேலேயே இருந்தது. இறக்கினால் அவன் விட்டுவிடுவானோ என்று பயம். வினாடிகளை எண்ணினேன். அவன் நெற்றியில் வியர்வை, கழுத்தில் நரம்பு. பன்னிரண்டு. பதினாறு. வெள்ளைக் கீற்று பிறையின் நடுவில் நின்றது.

"நிக்குது. இப்ப மெதுவா... மெதுவா விடுங்க."

விட்டான். வாத்தியம் இல்லாமலே, அந்த வரியின் கடைசிச் சுரத்தை எப்படி விட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனோ அப்படி, நூல் பிரிவது போல விட்டான். ஊசியின் முனை லேசாக ஆடி நிதானத்துக்கு வந்தது. பிறைக்குள் புகை கிளம்பியது. ரொக்கீனா கையில் தட்டோடு நின்றவாறு, "பதினொண்ணு!" என்று கத்தினாள்.

எனக்குக் கண் மறைத்தது. இன்னும் கையை உயர்த்தியபடியே நின்றிருக்கிறேன். "மச்சான், கைய இறக்கு" என்றான் அவன். "பஸ் போயிடுச்சு."

ஜூலை மாதம், திருவிழாவுக்கு ஆறு நாள் முன்னால், பெரிய ஸ்கேன் எடுத்த முடிவு வந்தது. டாக்டரம்மா தானே போன் செய்தாள். கட்டி இருந்த இடத்தில் ரத்தம் ஓடவில்லை. உயிரோடு எதுவும் இல்லை. செத்த தழும்பு மட்டும். நுன்சியா போனை வைத்துவிட்டு, இறைச்சிக் கடைக்கு ஓடி, வாடிக்கையாளர்களுக்கு முன்னால் அவன் காதைப் பிடித்துத் திருகி, பிறகு முத்தம் கொடுத்தாள். அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லாருக்கும் அவன் சுருட்டிச் சுட்ட இறைச்சியை வாரி வாரிக் கொடுத்தான்.

ஊர்வலத்தன்று சாயங்காலம். தெரு முழுக்கச் சனம், மேலே விளக்குத் தோரணம், சுமக்கிறவர்கள் தோளில் சான் பந்தலேயோனே சிலை. நடையிசை தொடங்கியது. அந்த வரி வந்தது. வாத்தியங்கள் அடங்கின. நான் பின்னோக்கி நடந்தபடியே அவனைப் பார்த்து, பதினொரு கட்டத்துக்கான கையை உயர்த்தினேன். மூச்சு எடுத்தான். ஊதினான். எப்படி ஊதினான்! ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து, ஆறு.

ஆறாவது கட்டத்தின் முடிவில் நிறுத்தி, தெருவே கேட்கும்படி மூச்சு எடுத்தான்.

ஊர்வலம் கோயிலடியில் நின்றதும் அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். "எடுத்தியேடா! அங்க எடுத்தியே! நான் பார்த்தேனே!"

"இங்க ஊசி எங்க இருக்கு?" என்றான். பொம்பர்தீனோவைக் கவிழ்த்தான். என் புதிய ஷூ.

அதன்பின் பன்னிரண்டரை வருடம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். அதற்கு நான் அவனோடு போகவில்லை. டாக்டரம்மாவே தலைமை மருத்துவராகி, முடி நரைத்து, பலகையில் ஏறி நின்று "எட்டுக் கட்டம், ஐயா" என்பாளாம். அவனே வாய்க்குள் பாடிக்கொண்டு மூச்சு எடுப்பானாம். அந்த வரியில் ஒவ்வொரு ஜூலையும் ஆறாவது கட்டத்தில் நிறுத்தினான். ஒவ்வொரு ஜூலையும் நான் காலரைப் பிடித்தேன்.

அவன் போய் ஒன்பதாம் நாள் நுன்சியா ஒரு கடித உறையோடு என் வீட்டுக்கு வந்தாள். பிரிக்கவில்லை. சாவதற்கு முந்தின திங்கட்கிழமை எடுத்த ஸ்கேனின் முடிவு. தபாலில் தாமதமாகி இருந்தது.

"நீயே படிண்ணே" என்றாள். "ஊர்ல பேசறாங்களே. அது திரும்பி வந்திருந்துச்சா இல்லையான்னு மட்டும் சொல்லு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளுக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தேன். ஈரலின் உச்சி, வலது பக்கம், பழைய சிகிச்சைத் தழும்பு. பதினெட்டு மில்லிமீட்டர். மாற்றம் இல்லை.